‘நோ பெட்ஸ்’ வீட்டில் பூனை இருக்கலாமா? அமெரிக்காவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் அபார்ட்மென்ட் லீஸைப் புரட்டினால் எங்காவது ஒரு மூலையில் ‘நோ பெட்ஸ்’ என்று இருக்கும். இல்லையென்றால் நாய்க்கு டெபாசிட் இவ்வளவு, மாதாமாதம் ‘பெட் ரென்ட்’ இவ்வளவு என்று இருக்கும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கும் ஒருவருக்கு, பூனை பக்கத்தில் படுத்தால்தான் தூக்கமே வருகிறது. அவருக்கும் இதே விதிதானா?

இல்லை. 1968-இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்குள் 1988-இல் மாற்றுத்திறனாளிகளையும் கொண்டுவந்தார்கள். அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் மனநலப் பிரச்சினையும் அதில் அடங்கும். அப்படிப்பட்டவர் மற்றவர்களைப் போல அந்த வீட்டில் வாழ ஒரு விதியைத் தளர்த்துவது அவசியமென்றால், நியாயமான அளவுக்கு வீட்டுக்காரர் தளர்த்தித்தான் ஆக வேண்டும். மனதுக்கு ஆறுதல் தரும் துணைப் பிராணி, அதாவது எமோஷனல் சப்போர்ட் அனிமல், சுருக்கமாக இ.எஸ்.ஏ., வீட்டுக்குள் வருவது இந்த வழியில்தான். ஊன்றுகோலுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை அல்லவா? அதே கணக்கில் இதற்கும் பெட் ரென்ட் கேட்கக் கூடாது என்பதுதான் வாதம். மாதம் 50 டாலர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 600. ஆனால் கதவைப் பிறாண்டி, கார்ப்பெட்டைக் கிழித்து வைத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

இதை சர்வீஸ் நாயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கப்பட்ட நாய். கடை, ஹோட்டல் எங்கும் வரலாம். இ.எஸ்.ஏ.வுக்குப் பயிற்சி தேவையில்லை, அதனால் அந்த உரிமையும் இல்லை. விமானத்தில்கூட 2021 ஜனவரியிலிருந்து அதைச் சாதாரண செல்லப்பிராணியாகவே நடத்தலாம்.

சரி, என்ன காகிதம் வேண்டும்? பலர் ஏமாறுவது இங்கேதான். இணையத்தில் பணம் கட்டினால் ‘ரிஜிஸ்டர்’ செய்து அட்டை, சான்றிதழ், நாய்க்கு ஒரு சட்டைகூட அனுப்பிவைக்கிறார்கள். அப்படி ஒரு அரசுப் பதிவேடே கிடையாது. தேவை, உங்களைப் பார்த்துவரும் டாக்டரோ தெரபிஸ்டோ தரும் கடிதம். கலிஃபோர்னியாவில் 2022 முதல், நாய்க்கு அப்படிக் கடிதம் தருபவர் குறைந்தது 30 நாளாவது உங்களுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருக்க வேண்டும்.

மனநல டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லவே நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் குறைபாடு உண்டு, இந்தப் பிராணி அதற்கு உதவுகிறது என்ற இரண்டு விஷயம் போதும். லீசிங் ஆபீஸ் உங்கள் மருத்துவக் கோப்பைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். மெயிலும் இரண்டே வரி போதும்: “எனக்குள்ள குறைபாட்டின் காரணமாக, என் துணைப் பிராணியை வீட்டில் வைத்துக்கொள்ள விதிவிலக்கு கோருகிறேன். என் தெரபிஸ்டின் கடிதத்தை இணைத்துள்ளேன்.”

மறுக்கவே முடியாது என்றும் இல்லை. உங்கள் நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் மறுக்கலாம். ‘இந்த இனமே முரடு’ என்ற பேச்சு மட்டும் போதாது. உங்கள் நாய் என்ன செய்தது என்று காட்ட வேண்டும். இன்னொரு விலக்கு நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் மத்தியச் சட்டத்தின் இந்தப் பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. தெரிந்த தமிழ்க் குடும்பத்தின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டம் சில இடங்களில் இன்னும் கறாராக இருக்கும், அதையும் பாருங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால், மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் ஒரு வருஷத்துக்குள் புகார் தரலாம், கட்டணம் இல்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. புகார் கொடுத்ததற்காக வீட்டுக்காரர் பழிவாங்குவதும் சட்டமீறல்தான். அதை நிரூபிக்கத் தேதி போட்ட மெயில்கள் வேண்டும். மேனேஜர் வாய்வார்த்தையாக முடியாது என்று சொல்லியிருந்தால், அன்றைக்கே “நாம் இன்று பேசியது இது” என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.