அறிகுறி ஒன்றுதான், பெயர் ஏன் இரண்டு?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அண்ணனும் நானும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டோம், பொய், அடிதடி, எல்லாமே. அவருக்கு ஒரு நோய், எனக்கு வேறு நோய் என்கிறார்கள். எப்படி?"

உங்கள் இருவரையும் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

மனநோய்களில் பெரும்பாலானவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது, அறிகுறிப் பட்டியலில் இத்தனை பொருந்தினால் இந்த நோய் என்பார்கள். அப்படியிருக்க, ஆண் பெண் பேதம் எந்த இடத்தில் நுழைகிறது?

1989-இல் ஃபோர்ட், விடிகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 354 உளவியலாளர்களுக்கு நோயாளிகளின் கதைகளை அனுப்பினார்கள். கதை அதே கதை, ஆணா பெண்ணா என்பது மட்டும் மாறும். பொய், அடிதடி, பிறரை மதிக்காத போக்கு என்று போகும் சமூகவிரோத ஆளுமைக் கோளாறின் அறிகுறிகள் நிறைந்த கதையில் நோயாளி பெண் என்று இருந்தால், பலர் அந்தப் பெயரை விட்டுவிட்டு, கவனத்தை ஈர்க்கத் துடிக்கும் 'ஹிஸ்ட்ரியானிக்' கோளாறு என்று எழுதினார்கள். இதுவரைக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. எனக்குப் பிடித்த இடம் அடுத்ததுதான். இன்னொரு பகுதியினரிடம் நோயின் பெயரையே கேட்காமல், அதே கதைகளில் இருந்த நடத்தைகளைத் தனித்தனியாக எடுத்துக் கொடுத்து, இது இந்த அறிகுறியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மட்டும் கேட்டார்கள். அங்கே அந்தச் சாய்வைக் காணோம்! அதாவது அறிகுறியைப் பார்க்கும்போது கண் ஏமாறவில்லை. அதையெல்லாம் சேர்த்து ஒரு பெயருக்குத் தாவுகிற அந்த நொடியில்தான், 'பெண் என்றால் இதுதான் இருக்கும்' என்று மனதில் ஏற்கெனவே இருக்கும் படம் முந்திக்கொள்கிறது.

ஆண் மருத்துவர்களின் கோளாறு என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 1970-இல் ப்ரோவர்மன் என்ற ஆய்வாளரின் குழு, மனநலமுள்ள ஆண், பெண், பொதுவாக ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்று மனநல வல்லுநர்களிடம் கேட்டபோது, மனிதருக்கும் ஆணுக்கும் கிட்டத்தட்ட ஒரே வர்ணனை வந்தது, பெண்ணுக்கு மட்டும் வேறு. பதில் சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

நம் வீடுகளிலும் இதே தாவல்தான். பையன் கத்தினால் கோபக்காரன், பெண் கத்தினால் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவது. இதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு பணம் தர, நோய்க்கு ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு வேண்டும், அதனால் சீக்கிரம் ஒரு பெயர் எழுத வேண்டிய நெருக்கடி வேறு. அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் நேர்காணல் முறைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கு நேரம் பிடிக்கும். அரசு கிளினிக்குகளில் அந்த நேரத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் ஒன்று. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி உங்கள் உடல்நிலை பற்றிப் பொதுவாக உங்களுக்கு விளக்கியாக வேண்டும். எந்தெந்த அறிகுறியை வைத்து இந்தப் பெயர் என்று கேளுங்கள், அண்ணனையும் கேட்கச் சொல்லுங்கள்.