வளைந்த பலகையும் பழைய காந்தமும்

ஆர்ச்டாப் கிதாரின் முகப்பலகை, வயலினுக்குச் செய்வதைப் போலவே, ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து வளைவாகச் செதுக்கி எடுக்கப்படுவது. தந்திகளின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே தாராளமாக அதிரவும் வேண்டும் என்பதால், அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறுபடும். கிப்சன் நிறுவனத்தின் எல்-5 கிதார் 1922-ல் வந்தபோது அதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஊதுகருவிகள் நிறைந்த ஜாஸ் குழுக்களில் கிதாரின் ஒலி அமுங்கிப்போனதால், 1936-ல் அதே நிறுவனம், தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் பொருத்திய இஎஸ்-150 கிதாரைக் கொண்டுவந்தது. 1939-ல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அந்தக் கிதாரை வாசித்துப் புகழ்பெற்றதால், அந்தப் பிக்கப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அதன் மறு உருவாக்கங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைப் பொருத்தும் விதமும் ஒலியின் ஒரு பகுதிதான்.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சார்ந்து சுற்றப்பட்ட மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும் சேர்ந்தது. காந்தம் தனக்கு மேலே உள்ள எஃகுத் தந்தியையும் சிறிதளவு காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம், ஃபாரடே 1831-ல் கண்டறிந்த விதிப்படி, சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆகவே பிக்கப் மைக்கைப் போலக் காற்றின் அதிர்வைக் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே தந்தி எப்படி அசைகிறது என்பதையே உணர்கிறது. மரத்தின் பங்கு இதில் மறைமுகமானது: பலகை எந்த அதிர்வெண்களைத் தந்தியிடமிருந்து விரைவாக உறிஞ்சிக்கொள்கிறதோ, அவை பிக்கப்பிலும் விரைவாக மங்கிவிடும்.

வெண்கலம் சுற்றிய தந்திகளைப் பூட்டினால் இந்த உண்மை உடனே காதில் விழும். வெண்கலம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை என்பதால் உள்ளே இருக்கும் எஃகு நடுக்கம்பி மட்டுமே பிக்கப்புக்குத் தெரிகிறது. சுற்றில்லாமல் முழுவதும் எஃகான பி தந்தி (மேலிருந்து சுருதியில் இரண்டாவது) மற்றவற்றை மீறி ஒலிக்கிறது. சார்லி கிறிஸ்டியன் பிக்கப்பின் பிற்கால வடிவங்கள் சிலவற்றில், தந்திகளுக்குக் கீழே ஓடும் இரும்புத் தகட்டில் பி தந்திக்கு நேராக ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருப்பது இந்தக் குறையைச் சரிசெய்யத்தான். வெண்கலத்துக்குப் பதிலாக நிக்கல் சுற்றிய தந்திகளைப் பூட்டுவது இதைவிட எளிய வழி.

மூலப் பிக்கப்பில் நீண்ட, கனத்த இரண்டு எஃகுக் காந்தங்கள் முகப்பலகைக்கு அடியில் மறைந்திருந்தன. மேலிருந்து இறங்கிய மூன்று திருகுகள் அந்த எடையைப் பலகையிலேயே தொங்கவிட்டன. பலகையின் எடை கூடும்போது அதன் அதிர்வு அடங்குகிறது, மின்சாரமில்லாத ஒலி குறைகிறது; அதே காரணத்தால் ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் எழும் ஊளையும் ஓரளவு கட்டுப்படுகிறது. இன்றைய மறு உருவாக்கங்கள் பலவற்றில் சிறிய காந்தங்களே இருப்பதால் அந்த எடை இல்லை. நன்றாகச் செதுக்கிய பலகையைக் கொண்ட கிதாரில் துளை வெட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரல்கள் தந்தியை அழுத்தும் ஃபிங்கர்போர்டின் முனையிலோ, விரல் காப்புத் தகட்டிலோ பிடித்து, பலகையைத் தொடாமல் மிதக்கும் பிக்கப்பைப் பொருத்தினால், பிற்பாடு எதை மாற்றினாலும் மரம் முழுதாக இருக்கும்.

ஃபிங்கர்போர்டின் முனைக்கு அருகிலுள்ள இடம், தந்திகளைப் பலகையின் மேல் தாங்கும் பிரிட்ஜிலிருந்து, திறந்த தந்தியின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே நான்காம் மேற்சுரத்துக்கு, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் நான்கு மடங்குக்கு, அசைவே இல்லை. இரண்டாம் மேற்சுரத்துக்கோ (இரு மடங்கு) உச்ச அசைவு. ஜாஸ் கிதாரின் உருண்டையான ஒலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். சுருளும் இணைப்புக் கேபிளும் சேர்ந்து ஒத்ததிர்வு கொள்வது இன்னொன்று. 4 ஹென்றி தூண்டல் கொண்ட சுருளோடு 500 பைக்கோஃபாரட் மின்தேக்கம் கொண்ட கேபிளை இணைத்தால் அதன் முகடு ஏறத்தாழ 3,560 ஹெர்ட்ஸில் விழும். கேபிளின் நீளத்தை இரட்டித்து 1,000 பைக்கோஃபாரட் ஆக்கினால் 2,500-க்கு இறங்கிவிடும். பழைய ஒலியைத் தேடி விலையுயர்ந்த சுருளை வாங்குபவர்கள் கேபிளை மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

ஏற்கெனவே குமிழுக்குத் துளை உள்ள கிதாரில் பொருத்தும்போது அதிகப் பொறுமையைக் கேட்பது, ஒலியளவுக் குமிழின் பொட்டென்ஷியோமீட்டரை (சுழற்றி மாற்றும் மின்தடையை) எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே அனுப்பும் வேலை. அதன் தண்டில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டி, குழாயின் மறுமுனையைக் குமிழுக்கான துளை வழியாக வெளியே இழுத்தால், தண்டு தானாகவே வந்து எட்டிப்பார்க்கும். பிரிட்ஜ் மரத்தாலானது என்பதால், தரைக்கம்பியை, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் உலோக டெயில்பீஸோடு இணைக்க வேண்டும். விட்டுவிட்டால், தந்திகளைத் தொடும்போது அடங்க வேண்டிய இரைச்சல் அடங்காது.

கடைசியாக உயரம். எல்லாத் தந்திகளையும் ஃபிங்கர்போர்டின் கடைசிக் குறுக்குக் கம்பியான கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்கலாம். இன்னும் நெருங்கினால் ஒலி கூடும். ஆனால் காந்தம் தந்தியை இழுத்து அதன் அசைவைக் குலைப்பதால், கனத்த தந்திகளில் சுருதி தள்ளாடத் தொடங்கும். அந்தத் தள்ளாட்டம் கேட்ட இடத்திலிருந்து திருகைச் சிறிது சிறிதாக இறக்கி, அது மறையும் உயரத்தில் நிறுத்துக.