கியர் கத்தினால் யாரைப் பிடிப்பது?

ஹாப்பிங்கில், அதாவது ஹாப் என்ற சுழலும் வெட்டுக்கருவியால், வெட்டிய கியர் தரச் சோதனையில் தோற்றுவிட்டால், பல பட்டறைகளில் முதல் வேலையாக ஃபீடை (கியரின் ஒரு சுற்றுக்கு ஹாப் நகரும் தூரத்தை) குறைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹாபை மாற்றுவார்கள். அப்புறம் ஆயிலைத் திட்டுவார்கள். சில நேரம் இதில் ஏதாவது ஒன்று பலித்தும் விடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போக மறுக்கிறது. ஆனால் எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கியர் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் அந்தப் பிழை எத்தனை முறை திரும்ப வருகிறது?

ஏன் இந்தக் கேள்வி என்பது ஹாப்பிங் நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஹாப் என்பது புரி ஓடும் ஓர் உருளை. புரியின் குறுக்கே நெடுகக் காடிகள் போட்டிருப்பதால், அது வரிசை வரிசையாக வெட்டும் பற்களாகப் பிரிந்திருக்கும். ஒற்றைப் புரி ஹாப் ஒரு சுற்று சுற்றினால், மேசையில் உட்கார்ந்திருக்கும் பிளாங்க் (பல் வெட்டப்பட வேண்டிய வட்டு) மிகச் சரியாக ஒரு பல் அளவு திரும்ப வேண்டும். 40 பல் கியர் என்றால் ஹாபுக்கு 40 சுற்று, மேசைக்கு ஒரு சுற்று. கியர் பல்லில் நாம் பார்க்கும் இன்வல்யூட் வளைவு ஹாபில் கிடையாது. ஹாப் பல்லின் பக்கங்கள் ஏறக்குறைய நேர்கோடுதான். இரண்டும் சேர்ந்து சுழலும்போது அந்தக் கோடுகள் பல கோணங்களில் சீவிச் சீவி வளைவை உண்டாக்குகின்றன. நேர்ப்பல், சாய்பல் இரண்டையும் இப்படி வெட்டும் இயந்திரத்துக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஹெர்மான் ஃபௌட்டர் காப்புரிமை பெற்றது 1897-இல்.

இங்கே சுழலும் ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் உண்டு. ஆகவே ஒவ்வொன்றின் கோளாறும் தனி இடைவெளியில் பல்லில் பதிகிறது.

சுற்றுக்கு ஒரே முறை வரும் பிழையை முதலில் எடுத்துக்கொள்வோம். பட்டறைகளில் அதிகம் தொல்லை தருவது இதுதான். பற்களின் இடைவெளியை வரிசையாக அளந்து வரைந்தால், அரை வட்டம் வரை பிழை கூடிக்கொண்டே போய், மறு அரையில் குறைந்து பழைய இடத்துக்கே வரும். பிளாங்க் மையத்தில் உட்காரவில்லை என்று பொருள். துளைக்கும் அதில் நுழையும் தண்டான மேண்ட்ரலுக்கும் இடையே தொளதொளப்பு இருக்கலாம், மேண்ட்ரலே மையம் விலகிச் சுழலலாம், அடியில் ஒரு சிறு இரும்புத் துகள் மாட்டியிருக்கலாம். மையம் 0.02 மி.மீ. விலகினால் ரன் அவுட் (ஒரு சுற்றில் தெரியும் மொத்த ஆட்டம்) 0.04 மி.மீ. காட்டும். வெட்டிய மேண்ட்ரலிலேயே வைத்து அளந்தால் இது கண்ணில் படாது. வெட்டும்போது இருந்த அதே மையத்தைச் சுற்றித்தானே அங்கேயும் கியர் சுழலும். கழற்றி அதன் சொந்தத் துளையில் மாட்டினால்தான் உண்மை தெரியும்.

குற்றவாளி பிளாங்கைப் பிடிக்கும் ஃபிக்ஸரா மேசையா என்று சந்தேகம் வந்தால், பிழை உச்சத்தில் வரும் பல்லுக்கு நேரே மேசையில் ஒரு கோடு போடுங்கள். ஃபிக்ஸரைக் கழற்றி 90 பாகை திருப்பிப் பூட்டி, இன்னொரு பிளாங்க் வெட்டுங்கள். உச்சமும் ஃபிக்ஸரோடு நகர்ந்தால் ஃபிக்ஸர். மேசைக் கோட்டிலேயே நின்றால் மேசை. வேறு எங்கோ போய் விழுந்தால் பிளாங்கையும் அது உட்காரும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

‘அடுத்து ஷேவிங் இருக்கிறது, அதில் சரியாகிவிடும்’ என்று இந்தப் பிழையைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஷேவிங் என்பது வெட்டிய பல்லின் பரப்பை இன்னும் மெலிதாகச் சீவுவது. அதில் கட்டரையும் கியரையும் இணைத்துப் பிடிக்கும் தனிப் பற்சக்கரத் தொடர் எதுவும் கிடையாது, இரண்டும் பல்லோடு பல் பின்னித்தான் சுற்றுகின்றன. அதனால் ரன் அவுட் குறைந்ததுபோல் தெரியும், ஆனால் அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும் பிட்ச் (பல் இடைவெளி) பிழையாக உருமாறி உள்ளேயே இருக்கும். ரன் அவுட் மட்டும் பார்க்கும் சோதனையில் அது தேறியும் விடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது பிளாங்கின் ஆட்டம். கியரில் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு பற்களில் நீளவாக்கில் அளந்து பாருங்கள். ஒன்று இடது, எதிரே உள்ளது வலது என்று கோடுகள் விசிறிபோல் விரிந்தால், பிளாங்கின் முகம் துளைக்குச் செங்குத்தாக இல்லை. பல பிளாங்குகளை அடுக்கி வெட்டும்போது இந்தக் கோணல் சேர்ந்து மேலே இருப்பவற்றை அதிகம் பாதிக்கும். நான்கு பல்லும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்தால் கதை வேறு. சாய்பல் கியர் என்றால், சாய்வுக்காக மேசைக்குக் கூடுதல் திருப்பம் தரும் டிஃபரன்ஷியலின் கணக்கைச் சரிபாருங்கள். நேர்ப்பல் என்றால் மேண்ட்ரல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். பல் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்தால், மேண்ட்ரல் ஹாபை நோக்கியோ அதிலிருந்து விலகியோ சாய்கிறது. பெரும்பாலும் காரணம் மேண்ட்ரலின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்தான்.

எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி வரும் பிழைக்கு ஹாபைப் பிடிக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் ஹாப் ஒரு சுற்று என்பதால், ஹாபின் குறை எல்லாப் பல்லிலும் ஒரே நகலாக விழும். பிட்ச் நன்றாகவே இருக்கும், வடிவம் மட்டும் கெடும். வடிவக் கோடு அலைபோல் நெளிந்தால், ஹாப் தன்னைத் தாங்கும் தண்டில் (ஆர்பரில்) மையம் விலகிச் சுழல்கிறது. ஹாபின் இரண்டு முனையிலும் இதற்கென்றே அரைத்துவிட்ட வளையங்கள் இருக்கும். இரண்டிலும் ஆட்டத்தை அளக்கும் டயல் கருவியை வையுங்கள். ஒரு முனையின் உச்சம் மேலேயும் மறுமுனையின் உச்சம் கீழேயும் வந்தால் அதுதான் மோசமானது, ஹாப் கோணலாகத் துள்ளுகிறது.

நேற்று வரை நன்றாக வெட்டிய ஹாப் சாணைக்குப் போய்வந்த பிறகு மக்கர் செய்தால், சாணையைச் சந்தேகியுங்கள். நேராக மையத்தைப் பார்க்கும்படி வடிவமைத்த ஹாபில், சாணை பிடித்த பிறகும் வெட்டு முகம் அப்படியே நிற்க வேண்டும். நுனி முன்னே தள்ளி அடி பின்வாங்கினால், ஹாப் பல்லின் அடி மெலிகிறது. கியர் பல்லின் நுனியை வெட்டுவது அந்த அடிதான், அதனால் கியரின் நுனி தடிக்கிறது. மாற்றிச் சாய்ந்தால் கியரின் நுனி மெலிகிறது.

இரட்டைப் புரி ஹாப் ஒரு வேடிக்கை. 40 பல் கியரில் ஒரு புரி ஒற்றைப்படைப் பள்ளங்களையும் மற்றது இரட்டைப்படைப் பள்ளங்களையும் மட்டுமே வெட்டும். புரிகளுக்குள் வித்தியாசம் இருந்தால் இடைவெளி ஒன்றுவிட்டு ஒன்று கூடிக் குறையும். 41 பல் என்றால் இரண்டு புரியும் எல்லாப் பள்ளத்துக்கும் மாறி மாறி வரும்; இடைவெளி சீராகி, குறை பல்லின் பரப்புக்குப் போய்விடும்.

ஃபீடைக் குறைப்பது உண்மையில் உதவுவது ஓர் இடத்தில்: பல் நீளத்தில் தெரியும் வரிகள். 80 மி.மீ. ஹாப், சுற்றுக்கு 3 மி.மீ. ஃபீட் என்றால் 20 பாகை அழுத்தக் கோணத்தில் (பல் பக்கத்தின் சாய்வு) வரியின் ஆழம் சுமார் 10 மைக்ரான். 2 மி.மீ. ஆக்கினால் சுமார் 4 மைக்ரான், ஏனென்றால் ஆழம் ஃபீடின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பு கிழிந்து பிய்ந்தாற்போல் இருந்தால் ஃபீடைக் கேட்டுப் பயனில்லை. ஹாப் மழுங்கியிருக்கும், இல்லையென்றால் எஃகு தேவைக்கு மேல் மிருதுவாக இருந்து விளிம்பில் ஒட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் மேல் ஒரு பிழை உண்டு. 41 பல் கியர் சுற்றுக்கு 41 முறை ஒலித்தால் அது அதன் சொந்தக் குரல். 96 முறை ஒலித்தால்? கியரில் 96 என்று எதுவும் கிடையாது. வெட்டிய இயந்திரத்தின் மேசைக்கு அடியில், அதைத் திருப்பும் வார்ம் வீலில் (திருகு போன்ற தண்டு சுழற்றும் பற்சக்கரம்) போய் எண்ணினால் 96 பற்கள் இருக்கும். அந்த வீலின் ஒவ்வொரு பல்லிலும் வரும் நுண்ணிய தயக்கம் கியரில் பதிந்துவிட்டது. இந்த ஓசையைப் பேய் ஓசை என்றே துறையில் சொல்கிறார்கள்.

நீராவி டர்பைன் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் இதில் நன்றாக மாட்டிக்கொண்டார். நீராவி டர்பைன் வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனம். கப்பலின் ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுழன்றால்தான் சிக்கனம். இடையில் கியர் போடலாம் என்று, ‘வெஸ்பேசியன்’ என்ற பழைய சரக்குக் கப்பலில் 1909–10 வாக்கில் சோதித்துக் காட்டினார். ஆனால் கப்பல்களின் பெரிய கியர்கள் ஊளையிட்டன. மேசையின் பிழை எப்போதும் மேசையின் அதே கோணத்தில் வருவதால், ஹாப் கீழே இறங்க இறங்க அலைமேடுகள் கியரின் அச்சுக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் அடுக்கி விழுகின்றன. இணையும்போது அந்த மேடு முழுவதும் ஒரே கணத்தில் மோதுகிறது.

இன்னும் துல்லியமான வார்ம் வீல் செய்வது கடினம். பார்சன்ஸ் மேசையின் மேல் இன்னொரு மேசை வைத்தார். மேலது கீழதைவிடச் சற்றே வேகமாக, ஒரு சதவீத அளவில், சுழலும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பிழை கொஞ்சம் தள்ளி விழுந்து, கியரைச் சுற்றிச் சுருளாகப் படர்ந்துவிடும். வார்ம் வீலின் பிழை அப்படியேதான் இருந்தது. சேர்ந்து கத்துவதற்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

இன்றைய சி.என்.சி. இயந்திரங்களில் பல, மேசையை நேரடியாக மோட்டாரிலேயே சுழற்றுகின்றன. ஆனாலும் பேய் போகவில்லை. மின்சாரக் கார்களில் எஞ்சின் சத்தம் இல்லாததால், ஒரு மைக்ரானுக்கும் குறைவான அலை கூடக் காதில் விழுகிறது. அதனால் இப்போது நான்கு பல்லோடு நிறுத்தாமல் எல்லாப் பல்லையும் அளந்து, கிடைக்கும் கோடுகளைச் சேர்த்து, சுற்றுக்கு எத்தனை அலை என்று கணினியில் பிரித்துப் பார்க்கிறார்கள். வரும் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தில் எந்தப் பாகம் அத்தனை முறை சுழல்கிறது என்று தேடிப் போகிறார்கள்.