முப்பத்தொன்றாவது கவசம்

"ஆன்லைன் கேமில் கவசம் அடிக்க, தானாகவே கிளிக் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முப்பது கவசம் வரை பிசகாமல் ஓடுகிறது. அப்புறம் என் ஆள் பட்டறையை விட்டு நடந்துபோய் ஏதோ ஒரு மூலையில் நிற்கிறான். நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் விதி. ரூன்ஸ்கேப் உள்பட பல கேம்களில் வெளி ஸ்கிரிப்ட் ஓட்டினால் கணக்கே போய்விடும். ஃபைனல் ஃபேண்டஸி 14 போன்றவற்றில் கேமுக்குள்ளேயே மேக்ரோ (பல கட்டளைகளை ஒரே பொத்தானில் அடக்கும் பட்டியல்) எழுத வசதி உண்டு. உங்கள் கேம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் நடந்துபோவது எளிய விஷயம். பட்டறையைத் தொட்டால் மெனு திறக்க வேண்டும், ஸ்கிரிப்ட் அரை வினாடி பொறுத்து மெனுவில் கிளிக் செய்யும். மெனு இன்னும் வரவில்லை என்றால் அந்த கிளிக் தரையில் விழும். தரையில் கிளிக் செய்தால் ஆள் அங்கே நடப்பான். அதன் பிறகு எல்லா கிளிக்கும் தப்புதான்.

முப்பது முறை வந்த மெனு ஏன் திடீரென்று தாமதிக்கிறது? இங்கேதான் அழகு இருக்கிறது.

இத்தகைய கேம்கள் பலவற்றில் சர்வர், அதாவது கேமை நடத்தும் தொலைதூரக் கணினி, நம் கட்டளையை வந்த கணமே கவனிப்பதில்லை. டிக் என்று ஒரு துடிப்பு உண்டு. வந்த கட்டளைகளை அந்தத் துடிப்பில்தான் எடுக்கும். ரூன்ஸ்கேப்பில் ஒரு டிக் 0.6 வினாடி, அதாவது 600 மில்லி வினாடி. கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம். பேருந்து போலத்தான்: கிளம்பும் நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் வந்தால் உடனே ஏறலாம், ஒரு நொடி பிந்தினால் அடுத்த வண்டி வரும்வரை முழுதாக நிற்க வேண்டும்.

உங்கள் ஸ்கிரிப்டின் ஒரு சுற்று 3 வினாடி என்று வையுங்கள். சரியாக 5 டிக். ஆனால் 'இத்தனை நேரம் தூங்கு' என்று கணினியிடம் சொன்னால் அது பொதுவாகச் சற்றுப் பிந்தியே எழும். சுற்றுக்கு 5 மில்லி வினாடி நழுவுகிறது. முதல் கட்டளை டிக்குக்கு 150 மில்லி வினாடி முன்னால் போய்ச் சேர்ந்தால், அடுத்தது 145, அதற்கடுத்தது 140. இணையத்தில் போய்வர 80 என்று கொண்டால், மெனு முதல் சுற்றில் 230 மில்லி வினாடியில் திறக்கும், முப்பதாவதில் 85-இல் திறக்கும். அடுத்த கட்டளை டிக்கைத் தவறவிடுகிறது. மெனு வர ஏறத்தாழ 680 ஆகும். உங்கள் ஸ்கிரிப்ட் பொறுப்பதோ 500.

கவனித்தீர்களா, கெடுவதற்குச் சற்று முன்னால்தான் சர்வர் மிக வேகமாகத் தெரிகிறது! ஒவ்வொரு கட்டளையும் போன நேரம், மெனு வந்த நேரம் இரண்டையும் கோப்பில் எழுதி வரைபடமாகப் போட்டால் ரம்பப் பல் தெரியும்: மெல்ல மெல்ல இறங்கி, சட்டென்று ஒரே தாவல். நிஜத்தில் இணையத் தாமதம் ஏறி இறங்குவதால் பல் கொஞ்சம் பிசிறடிக்கும், அவ்வளவுதான். லேக் என்று இணைப்பைத் திட்டுவதற்கு முன் இந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

மறுபடி ஓட்டினால் ஏன் சரியாகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. டிக்கோடு ஒப்பிட்டால் புதிதாக வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். அந்த நேரத்தில் எதை மாற்றியிருந்தாலும் புகழ் அதற்குப் போய்விடும். 1948-இல் உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களுக்குக் குறித்த இடைவெளியில் தானாகத் தீனி விழ வைத்தார். தீனி விழும்போது என்ன செய்துகொண்டிருந்தனவோ அதையே அவற்றில் பெரும்பாலானவை திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. திசை பார்த்துக் கவசம் அடிக்கும் ஆட்டக்காரர்களும், 500-ஐ 510 ஆக்கிவிட்டுத் தீர்ந்தது என்று நிம்மதியாகும் நிரலாளர்களும் அந்தப் புறாக்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

காத்திருப்பை 800 ஆக்கினால் பெரும்பாலும் ஓடும். எனக்கு அது பிடிப்பதில்லை. இணையம் ஒருமுறை திணறினால் பழைய கதைதான். கடிகாரத்தை விட்டுவிட்டு மெனுவைப் பாருங்கள். திறந்ததை உறுதி செய்தபின் கிளிக், 'கவசம் முடிந்தது' என்ற செய்தி வந்தபின் அடுத்த சுற்று. மூன்று வினாடி பார்த்தும் மெனு வராவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடட்டும். அப்போது பார்க்க வேண்டியவை வேறு: பை நிறைந்திருக்கும், இல்லையென்றால் இரும்பு தீர்ந்திருக்கும்.