டேனியல் படத்தை லேமினேட் செய்யாதீர்கள்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்பு அச்சிட்ட இந்தியக் காட்சிப் படங்களில் ஒன்று, மறுபடியும் லேமினேஷன் ஆகி என் மேசைக்கு வந்திருக்கிறது. மதுரை, திருமலை நாயக்கரின் புது மண்டபம். "கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் சார் பண்ணினோம்" என்கிறார் கொண்டுவந்தவர். பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். சூட்டில் உருகித் தாளுக்குள் இறங்கிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போனால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது?

"வெறும் பிரிண்ட்தானே, ஒரிஜினல் இல்லையே?" இந்த ஒரு எண்ணம்தான் இத்தனை சேதத்துக்கும் காரணம்.

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கோச்சு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் பட்டறையில் தொழில் பழகியவர். சகோதரர் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு 1785இல் கப்பலேறினார். 1792இல் இருவரும் சென்னையிலிருந்து கிளம்பி ஓசூர், ராயக்கோட்டை, சங்ககிரி, திண்டுக்கல், மதுரை, பாபநாசம், தஞ்சாவூர் என்று சுற்றினார்கள். லென்ஸ் பெட்டிக்குள் விழும் பிம்பத்தைப் பென்சிலால் பிடித்து, அப்புறம் நீர்வண்ணம் பூசினார்கள். 1794இல் லண்டன் திரும்பி, அந்தக் கோட்டுப் படங்களைத் தாங்களே செப்புத் தகட்டில் ஏற்றினார்கள். 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 144 அக்வாடின்ட் படங்கள் (தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம் போன்ற சாயல் வரும்படி எடுக்கும் அச்சு) வெளிவந்தன.

ஆக, உங்கள் கையில் இருப்பது ஏதோ ஓர் ஓவியத்தின் ஜெராக்ஸ் அல்ல. வரைந்தவர்களே தகட்டில் வேலை செய்து, அச்சில் எடுத்து, அதன்மேல் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகத் தூரிகையால் நீர்வண்ணம் பூசப்பட்டது. ஒரே தகட்டில் எடுத்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் வானம் ஒன்றுபோல இருக்காது. அச்சிட்டதாலேயே ஒரிஜினல் இல்லை என்றாகிவிடாது. இந்தப் படங்களுக்கு ஒரிஜினலே அச்சுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். காலண்டர் படமென்றால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். அக்வாடின்ட்டில் ஒழுங்கில்லாத பொடிப் பொடிக் கண்ணிகள், காய்ந்த ஏரிமண் வெடித்த மாதிரி தெரியும். இலைப் பச்சை அங்கங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அது கையால் பூசிய அடையாளம்.

சரி, இனியாவது இதையெல்லாம் செய்யாதீர்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிடும். அழுக்கு போகட்டும் என்று ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வண்ணம் கரைந்துவிடும். ஃபிரேமில் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தலைப்பும், யார் எப்போது வெளியிட்டார் என்று சொல்லும் வரியும் போனால், படம் எது, எந்தப் பகுதி என்று அடையாளம் சொல்வதே கஷ்டம். ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமில்லா அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சாதா அட்டையே போதும் என்பார், கேட்காதீர்கள். வெயில் விழும் சுவரிலும் ஐப்பசி மழைக்கு ஓதம் ஏறும் சுவரிலும் மாட்ட வேண்டாம். பின்பலகையை அவ்வப்போது கழற்றி ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். யூடியூப் பார்த்து இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி உரிக்காதீர்கள். அப்படியே தட்டையாக இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, சுருட்டாமல் எடுத்து வாருங்கள். பிரிக்க முடியாவிட்டாலும், மேற்கொண்டு கெடாமல் வைக்க வழி இருக்கிறது.