பிபிசி வேனுக்குள் ஒரு சின்னப் பொய்

1970களில் பிபிசி பொறியாளர்களுக்கு ஒரு சங்கடம். வெளியிடங்களுக்குப் போய் ஒலிபரப்பும் வேனுக்குள் ஒலியைச் சரிபார்க்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கரை வைக்க இடமில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியை எடைபோடுவதும் சரிப்பட்டு வரவில்லை. அதற்காகச் செய்ததுதான் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர். சுமார் 30 செ.மீ. உயரம், உள்ளே ஏறக்குறைய 5 லிட்டர் காற்று, கீழ் ஒலிகளுக்கு ஒரு சின்ன வூஃபர், மேல் ஒலிகளுக்கு ஒரு ட்வீட்டர். மைக்கில் போனது அப்படியே வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதை அளந்து கிராஃப் போட்டால் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு மேடு தெரிகிறது, அதாவது அங்கே மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதல். துல்லியத்துக்கென்றே பிறந்த பெட்டியில் இதற்கு என்ன வேலை?

மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி, வூஃபரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) உள்ளே வந்தால் எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறுக்கச் சிறுக்க ஸ்பிரிங் விறைத்து, கோனின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக ஆடும் அதிர்வெண், மேலே ஏறிவிடும், அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் சத்தம் சரியும். ஆட்டத்தை நன்றாக அடக்கினால் கோடு ஒழுங்காக இறங்கும், ஆனால் குரல் சோனியாகக் கேட்கும். கொஞ்சம் தளர விட்டால் சரிவதற்கு முன் கோடு லேசாக எழும்பும், அதுதான் அந்த மேடு.

அந்த எழும்பல் காதை ஏமாற்றுவது அழகான வேலை. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, இந்தப் பெட்டி அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். ஆனால் தந்தி 82, 123, 164 என்று மடங்குகளையும் கூடவே எழுப்புகிறதே, அவற்றின் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இல்லாத 41-ஐ மூளையே போட்டுக்கொள்ளும். (மொபைலின் குட்டி ஸ்பீக்கரில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பது இதனால்தான்.) மடங்குகள் விழும் இடத்தில் ஒரு மேடு இருந்தால் பெட்டி தன் உயரத்துக்கு மீறிய பாஸ் கொடுப்பதாகத் தோன்றும். புளிக்குழம்பில் வெல்லம் போடுகிற மாதிரி, போட்டது தெரியக்கூடாது.

ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் இந்த மாதிரிச் சாயலை 'நிறம்' என்பார்கள். எல்லா நிறத்துக்கும் பிபிசி பொறியாளர்கள் இப்படி இடம் கொடுக்கவில்லை. பெட்டியின் பலகையும் அதிர்ந்து பாடும், அது குரல் இருக்கும் பகுதியில் விழுந்தால் யார் பேசினாலும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். பலகையைத் தடிமனாக்கினால் அதிர்வு இன்னும் மேலே, குரலுக்குள்ளேயே போய் உட்காரும். அதனால் மெல்லிய பிர்ச் ப்ளைவுட் எடுத்து, உள்ளே பிட்டுமன் (தார் போன்ற பொருள்) தகடுகளை ஒட்டி, அதிர்வைக் கீழே இறக்கி அமுக்கினார்கள். எனக்கு அந்த மேட்டைவிட இதுதான் பெரிய சாமர்த்தியமாகப் படுகிறது.

சரி, நிறமடித்த ஸ்பீக்கரைத்தான் மக்கள் விரும்புகிறார்களா? கனடாவில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்க வைத்தபோது, பெரும்பாலும் தட்டையான, வழவழப்பான கோடு உள்ளவையே ஜெயித்தன. பிற்பாடு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை வைத்துத் திரையோடும் திரையில்லாமலும் சோதித்தார்கள். மறைவில் நன்றாக மதிப்பெண் வாங்கிய ஒரு மலிவான சின்ன ஸ்பீக்கர் செட், கண்ணால் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டது. "வெதுவெதுப்பான ஒலி" என்று ஆடியோ ஆசாமிகள் உருகுவதில் எவ்வளவு காது, எவ்வளவு மரப்பளபளப்பு என்று நான் சந்தேகப்படுவது இதனால்தான்.

அப்புறம் அறை. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ்ப்பகுதி 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் வைத்தால் அதற்கும் மேல். எல்எஸ்3/5ஏவின் மேட்டுக்கு மேல் இது விழுந்தால் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் பேசுகிறார். ஸ்டாண்டில் ஏற்றி ஓர் அடி இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள், பழையபடி மனிதக் குரலாகிவிடும்.