ரிப்போர்ட்டை 'பாஸ் அப்' பண்ணிட்டேன், டீச்சர்!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மாலையில் வருபவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். போன மாதம் அவர்களில் ஒரு தம்பி போனை நீட்டி, "டீச்சர், இதுல என்ன தப்புன்னு பாருங்க" என்றார். இங்கிலாந்தில் இருக்கும் மேலாளருக்கு 'ஐ பாஸ்ட் அப் த ரிப்போர்ட் யெஸ்டர்டே' என்று அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு வந்தது ஒரே சொல்: 'வொய்?'

மேலாளரைக் குறை சொல்ல முடியாது. "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று சின்ன வயதிலிருந்தே வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இங்கும் சிங்கப்பூரிலும் அதற்கு 'ஒப்படை' என்று பொருள். ஆனால் பிரிட்டிஷ்காரருக்கு அது வந்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவது. ஆக, ரிப்போர்ட் எழுதக் கிடைத்த வாய்ப்பை நேற்று நானே தட்டிக் கழித்துவிட்டேன் என்று தம்பி கைப்படத் தட்டி அனுப்பியிருக்கிறார். அங்கே வரவேண்டியது ஹேண்ட் இன், இல்லாவிட்டால் பேசாமல் சப்மிட் என்றே போட்டிருக்கலாம்.

இந்த 'பாஸ்' குடும்பமே வில்லங்கமானது. பாஸ் ஆன் என்றால் தகவலை அடுத்தவரிடம் சேர்ப்பது, பாஸ் அவே என்றால் இறந்துபோவது, பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. படிப்பை முடித்ததைச் சொல்ல 'பாஸ்ட் அவுட் இன் 2019' என்று ரெசுமேயில் எழுதுகிறவர்கள் உண்டு. இந்தியாவில் அது செல்லும், வெளிநாட்டு கம்பெனியில் அதைப் படிப்பவர் இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டாலும் கேட்பார்.

"இதையெல்லாம் எப்படி டீச்சர் மனப்பாடம் பண்றது?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 'போட்டுக்கொடுத்துட்டான்' என்றால் என்ன? வகுப்பே சிரிக்கும். போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, ஆனால் யாரோ மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டார் என்று எல்லோருக்கும் தெரியும். விட்டுக்கொடு, கண்டுபிடி எல்லாம் அதே ரகம்தான், இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள். நாம் அவற்றைப் பட்டியல் போட்டா படித்தோம்? யாரோ யாரிடமோ சொன்னதைக் கேட்டுத்தான் பிடித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் ஒத்துப்போகும். 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு இல்லையா? ஈட், ஈட் அப் இரண்டுக்கும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தான், அந்த 'அப்' பல இடங்களில் வேலையை முழுசாக முடிக்கிறது. யூஸ் அப் என்றால் மிச்சமில்லாமல் தீர்ப்பது. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு எடுபடாது, கிவ் அப் என்றால் கைவிடுவது.

ஆபீசில் அதிகம் அடிபடுவது புட் ஆஃப், கால் ஆஃப். முதலாவது தள்ளிவைப்பது, அடுத்தது ரத்து செய்வது. இரண்டிலும் 'ஆஃப்' இருப்பதால் ஒன்றென்று நினைத்து, தள்ளிவைத்த மீட்டிங்கின் அறையையே கேன்சல் செய்துவிட்டு வந்த மாணவி ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார்.

அப்புறம் அந்த 'இட்' எங்கே போகும் என்ற விஷயம். 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. லுக் ஆஃப்டர் மாதிரி சில மட்டும் நடுவில் யாரையும் விடாது, 'லுக் ஆஃப்டர் ஹர்' என்றுதான் வரும். நம் ஊரில் 'ஆஃப் த ஃபேன்' என்று ஒரேயடியாக வினைச்சொல்லையே கழற்றிவிடுவோம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் அப்படிச் சொல்லுங்கள், ஃபேன் நிற்கும். இன்டர்வியூவில் வேண்டாம்.

அந்தத் தம்பியை உடனே மேலாளருக்கு இன்னொரு வரி எழுத வைத்தேன்: 'சாரி, ஐ மீன் ஐ ஹேண்டட் இட் இன்.' 'இட்' நடுவில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.